முஸ்அப் (ரலி) தங்கிய வீடு



முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை நீங்கள் அறிவீர்கள். மதீனாவின் முதல் ஆசிரியர், உஹதில் கொடி பிடித்து ஷஹீதானவர் என்று பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். மதீனாவில் அவர்கள் யார் வீட்டில் தங்கினார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம். இன்று அந்த வீட்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தி அல்ல. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் சிங்கப்பூர், மலேசியா, அரபு நாடு என்று ஒருவராவது வெளியே போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதேபோல லால்பேட்டை ஜாமிஆ மன்பவுல் அன்வாரில் ஓத வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். நம் பள்ளிவாசல் இமாம்களில் எத்தனையோ பேர் வெளியூர்க்காரர்கள்.

முஸ்அப் (ரலி) மக்காவின் செல்லப்பிள்ளை. தாயார் குனாஸ் பின்த் மாலிக் பெரும் செல்வச் சீமாட்டி. அந்த இளைஞர் தெருவில் நடந்தால் அத்தர் மணம் முன்னே போகும். அப்படிப்பட்டவர் அர்கம் (ரலி) வீட்டில் இஸ்லாத்தை ஏற்றார். விஷயம் தெரிந்ததும் பெற்ற தாயே அவரை அடைத்து வைத்தார். தப்பி ஹபஷா போனார், திரும்பி வந்தார். சொந்த வீட்டில் அவருக்கு இடமில்லாமல் போனது.

கி.பி. 621. ஹஜ் காலத்தில் யத்ரிபிலிருந்து வந்த 12 பேர் அகபாவில் நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தார்கள். அவர்களுக்குக் குர்ஆன் கற்றுக்கொடுக்க நபியவர்கள் தேர்ந்தெடுத்தது முஸ்அபை. மக்காவிலிருந்து அந்த ஊர் சுமார் 450 கிலோமீட்டர். சிதம்பரத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாலைவன வழி. போய்ச் சேரும் ஊரில் அவருக்குச் சொந்தமும் இல்லை, சொத்தும் இல்லை.

அவரைத் தன் வீட்டில் ஏற்றவர் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி). கஸ்ரஜ் கோத்திரம், பனூ நஜ்ஜார் கிளை. வயதில் இளையவர். அதற்கு முந்தைய ஆண்டு முதன்முதலாக ஈமான் கொண்ட 6 பேரில் ஒருவர். மக்கள் முஸ்அபை முக்ரிஃ, அதாவது ஓதிக்கொடுப்பவர் என்றே அழைத்தார்கள். அந்த ஓதலுக்கு மத்ரஸா அஸ்அதின் வீடுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அவ்ஸும் கஸ்ரஜும் புஆஸ் போரில் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். இவர் இமாமாக நின்றால் அவருக்குப் பிடிக்காது, அவர் நின்றால் இவருக்குப் பிடிக்காது. அதனால் வெளியூர்க்காரரான முஸ்அபே இரு சாராருக்கும் தொழவைத்தார்கள். (இதைக் கேட்டதும் உங்களுக்குச் சில மஹல்லாக்கள் ஞாபகம் வரலாம்!)

அஸ்அத் (ரலி) தன் விருந்தாளியை வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அவ்ஸ் கோத்திரத்தின் பனூ அப்துல் அஷ்ஹல் பகுதிக்கே அழைத்துப் போய், ஒரு கிணற்றடித் தோட்டத்தில் உட்கார்ந்தார். அந்தக் கிளையின் தலைவர் ஸஅத் இப்னு முஆத். அஸ்அத் அவருடைய தாயாரின் சகோதரி மகன். உறவைப் பார்த்து ஸஅத் நேரில் வரத் தயங்கி, உஸைத் இப்னு ஹுளைரை அனுப்பினார். உஸைத் ஈட்டியோடு வந்தார். வருபவர் தன் சமூகத்தின் தலைவர் என்பதை அஸ்அத் முன்கூட்டியே முஸ்அபின் காதில் போட்டுவைத்தார். வந்தவர் ஏசினார். முஸ்அப் (ரலி) பதிலுக்குக் குரல் உயர்த்தவில்லை. சற்று உட்கார்ந்து கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம் என்ற கருத்தில் பேசினார்கள். உஸைத் ஈட்டியை நட்டுவிட்டு உட்கார்ந்தார். எழும்போது முஸ்லிமாக எழுந்தார்.

அடுத்து ஸஅதை வரவழைக்க வேண்டுமே! அஸ்அதைக் கொல்ல பனூ ஹாரிஸாவினர் கிளம்பிவிட்டதாக உஸைத் அவரிடம் சொன்னார். உறவுக்காரனுக்கு ஆபத்து என்றதும் ஸஅத் பதறி ஓடினார். வந்து பார்த்தால் இருவரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். முஸ்அப் அதே அணுகுமுறையில் பேச, அவரும் ஈமான் கொண்டார். அன்று மாலைக்குள் அந்தக் கிளையில் உஸைரிம் என்ற ஒருவரைத் தவிர அனைவரும் முஸ்லிம்கள். பேச்சு முஸ்அபுடையது. அந்தப் பேச்சு தொடங்கும்வரை அவர் மீது கை படாமல் காத்தது அஸ்அதின் உறவு.

நம் ஊர்களில் இமாமுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு அனுப்பும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். கேரியர் நேரத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் சொந்தபந்தங்களுக்கு அறிமுகப்படுத்தி, இவர் என் ஆள் என்று நிற்பவர் எத்தனை பேர்? அஸ்அத் (ரலி) செய்தது அது. அதற்கு விலையும் கொடுத்தார். அவருடைய சொந்தக் கிளையே நெருக்கடி கொடுத்ததால் முஸ்அப் பிறகு ஸஅத் (ரலி) வீட்டுக்கு மாற நேர்ந்தது என்று ஓர் அறிவிப்பில் வருகிறது.

அடுத்த ஹஜ்ஜில் அகபாவுக்கு வந்தவர்கள் 73 ஆண்களும் 2 பெண்களும். ஒரே ஆண்டு வேலை!

நபியவர்கள் ஹிஜ்ரத் வந்து மஸ்ஜிதுந் நபவி கட்டிக்கொண்டிருந்த நாட்களிலேயே அஸ்அத் (ரலி) தொண்டை நோயால் வஃபாத்தானார்கள். அவர்களுடைய பெண் மக்கள் நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்தார்கள். ஹிஜ்ரி 3-ல் உஹதில் முஸ்அப் (ரலி) ஷஹீதானபோது ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடி, கால்கள் மீது இத்கிர் புல்லைப் போட்டு அடக்கினார்கள். அத்தர் மணத்தோடு மக்கா வீதியில் நடந்த அதே முஸ்அப்.

பல ஆண்டுகள் கழிந்தன. கஅப் இப்னு மாலிக் (ரலி) முதுமையில் பார்வை இழந்தார்கள். மகன் அப்துர் ரஹ்மான் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். ஜும்ஆவின் பாங்கு காதில் விழும்போதெல்லாம் தந்தை அஸ்அத் இப்னு ஸுராராவுக்காக துஆ செய்வதை மகன் கவனித்து, ஒருநாள் காரணம் கேட்டார். நபியவர்கள் வருவதற்கு முன்பே, பனூ பயாளாவின் கருங்கல் நிலத்தில் எங்களை முதன்முதலில் ஜும்ஆவுக்கு ஒன்று சேர்த்தவர் அவர்தான் என்று தந்தை விளக்கினார். அன்று எத்தனை பேர் இருந்தீர்கள் என்று மகன் கேட்டார். நாற்பது பேர் என்றார்கள். ஜும்ஆவுக்கு 40 பேர் வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபில் சொல்வதற்கு எடுத்துக்காட்டும் அறிவிப்புகளில் இதுவும் ஒன்று. அன்று தொழவைத்தவர் முஸ்அப் என்றும் அறிவிப்புகள் உண்டு. விருந்தாளி தொழவைத்தார், வீட்டுக்காரர் ஆட்களைக் கூட்டினார் என்று உலமாக்கள் இரண்டையும் இணைத்துச் சொல்வார்கள். பார்வையற்ற கஅப் (ரலி) துஆ செய்தது வீட்டுக்காரருக்கு.