மூவேந்தர் நடுவே மலையமான் காரி

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைமீது ஏறிச் செம்மேட்டினை அடைவோர், அங்கு வல்வில் ஓரியின் சிலையைக் காண்பர். ஆடித் திங்களில் அவ்வள்ளலுக்கு அங்கே அரசு விழாவும் எடுக்கப்படுகின்றது. எய்த ஓரம்பே யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தினையும் வீழ்த்திய வில்லாளன் என்று வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் ஓரியைப் போற்றுகின்றார். அத்தகையோனைக் களத்திற் கொன்றவனும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் திகைக்கின்றது. அவனே முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி. வள்ளலை வள்ளல் கொன்றது ஏன் என்னும் வினாவிற்கு விடை, காரி மேற்கொண்ட போர்த்தொழிலின் இயல்பிலேயே அடங்கியுள்ளது.

பெண்ணையாற்றங்கரையில் அமைந்த திருக்கோவலூர் காரியின் தலைநகர்; முள்ளூர்மலை அவனது அரண். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள இவ்வூர்ப் பகுதியிற் கிடைத்த, குதிரை உருவம் பொறித்த செப்புக்காசுகளை மலையமான்களுக்கு உரியனவாக நாணயவியலார் கொள்வர். அவன் ஊர்ந்த குதிரைக்கும் காரி என்பதே பெயர். வடபுலத்து ஆரியர் முள்ளூரை வளைத்தபோது அவன் வேலுக்கு ஆற்றாது அவர்கள் சிதறியோடிய செய்தியை நற்றிணையின் 170ஆம் பாட்டு உவமையாக எடுத்தாள்கின்றது.

வீரம் பெரிதாயினும் அவன் நாடு சிறிது. அதனைச் சூழ்ந்து நின்றவர்களோ முடியுடை வேந்தர் மூவர். ஒருவரையொருவர் நம்பாத அம்மூவரும், பறம்பின் பாரியை வீழ்த்துதற்கு மட்டும் ஒன்றுகூடினர். பாரியின் உயிர்த்தோழராகிய கபிலரே காரியையும் பாடியவர். ஆகவே, இம்மூவர் நடுவே வாழ்தல் எத்துணை அரிது என்பதை அப்புலவரினும் நன்கு அறிந்தார் பிறரில்லை எனலாம்.

பாரி வேந்தரை எதிர்த்து நின்றான். காரியோ மூவர்க்கும் வேண்டப்படுபவனாகத் தன்னை ஆக்கிக்கொண்டான். தமக்குத் துணையாக வருமாறு மூவேந்தரும் தனித்தனியே தூதரையும் பொருளையும் அவன்பால் விடுத்தனர் என்பது புறநானூற்று 122ஆம் பாட்டால் விளங்கும். களத்தில் உடன்நின்று போரிட்ட வேந்தனே பிறிதொருநாள் எதிரணியில் நிற்கக் கூடும். பகைவனோடு பொருதற்கு வாளொன்றே போதும். இத்தகைய துணைவரோடு ஒழுகுதற்கோ நுண்ணறிவு வேண்டும்.

அவ்வறிவு காரியின் கொடையிலே வெளிப்பட்டது. வேந்தர் விடுத்த பொருளை அவன் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. வந்த இரவலர்க்கெல்லாம் வழங்கினான். நாடு அந்தணர்க்கு உரியது, பொருள் பரிசிலர்க்கு உரியது, தன் மனைவியின் கற்பொன்றே அவனுக்கு உரியது என்னும் கருத்தமையக் கபிலர் பாடினார். இது புகழ்ச்சி மட்டுமன்று. ஓர் அரசியல் உண்மையும் இதனுள் உண்டு. பொருளைச் சேர்த்து வையாதவனைப் பொருளாற் கட்டிவைத்தோம் என்று எந்த வேந்தனும் செருக்க இயலாது. மூவரிடமும் பெற்றும் ஒருவர்க்கும் அடிமையாகாமல் அவன் வாழ்ந்த நெறி இதுவே. எல்லார்க்கும் ஒருபடித்தாகக் கொடுத்தல் எளிது, தகுதி அறிந்து கொடுத்தலே அரிது என்று 121ஆம் பாட்டில் கபிலர் அவனை இடித்துரைக்கின்றார். அவ்வுரையைக் கேட்கும் பொறுமையும் அவனுக்கு இருந்தது.

சோழன் பெருநற்கிள்ளியும் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் பொருதபோது, தேர்வண் மலையன் சோழனுக்குத் துணைநின்றான். அவனைக் காரியாகவே கொள்வர் அறிஞர் பலர். வென்ற சோழன், வெற்றி தந்தவன் மலையனே என்றான். தோற்ற சேரனும், மலையன் எதிரணியில் இல்லையேல் வெற்றி தனக்கே எளிதாயிருக்கும் என்றான். இங்ஙனம் இருவரும் ஒருவனையே புகழ்ந்த அருமையை 125ஆம் பாட்டு கூறுகின்றது. தோற்றவனும் வெறுக்காது மதிக்கும் வண்ணம் போர்செய்தல் எளிய செயலன்று.

அம்மதிப்பின் விலையே கொல்லிப்போர். எந்தச் சேரர்குடியை எதிர்த்து மலையர்படை நின்றதோ, அக்குடிக்காகவே காரி கொல்லிமேற் சென்றான். ஓரியைக் கொன்று, அவனது மலையைச் சேரர்க்கு அளித்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாட்டு உரைக்கின்றது. மலையை வென்றவன் ஒருவன். அதனைப் பெற்றவன் மற்றொருவன். ஓரியை இழந்த ஊரின் தெருவிற் காரி புகுந்தபோது எழுந்த பேராரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320ஆம் பாட்டிற் காட்டுகின்றார். காரியைப் பாடிய அந்நாவே அவ்வூரின் துயரொலியையும் மறவாது பதிந்து வைத்தது.

காரியின் ஊரும் இடரினின்று தப்பவில்லை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை அழித்தான் என்பது ஔவையாரின் 99ஆம் பாட்டால் அறியப்படும். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி அங்குக் குகைத்தளம் அமைத்துக் கொடுத்ததைத் தெரிவித்து, அவன் ஆட்சி அப்பகுதியிற் பரவியதற்குச் சான்று தருகின்றது. நாட்டை இழந்த காரி சேரனைச் சார்ந்ததே கொல்லிப்போருக்கு வழிவகுத்தது எனக் கருதுவாரும் உளர். பின்னர்த் தகடூரும் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் வீழ்ந்தது. குறுநிலத் தலைவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ள, இறுதியில் ஓங்கியவர் முடிவேந்தரே.

மலையமான் குடியினர் செய்த துணையையும் வேந்தர் எக்காலத்தும் நினைவிற் கொண்டாரல்லர். சோழன் கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக் காலில் இடுவிக்க முற்பட்டான். கோவூர்கிழார் இடைபுகுந்து பாடியிராவிடில் அச்சிறுவர் மாண்டிருப்பர். யானையைக் கண்டு அழுகையை மறந்து, புதியோர் நிறைந்த மன்றினை அவர்கள் மருண்டு நோக்கிய நிலையைப் புறநானூற்று 46ஆம் பாட்டு உருக்கமாகச் சொல்கின்றது. ஆயினும், அதே குடியிற் பிறந்த சோழிய ஏனாதி திருக்கண்ணன், இடருற்ற சோழனை முள்ளூரிற் காத்து மீண்டும் அரசேற்றினான் என 174ஆம் பாட்டால் அறிகின்றோம். தம்மவர்க்கு இழைத்த தீமையை எண்ணித் துணையை மறுக்கும் சிறுமை அக்குடியில் இல்லை.

உடன்நின்றோரின் ஐயத்தையும் செருக்கையும் பொறுத்து, அனைவர்தம் மதிப்பையும் பெற்று வாழ்ந்தவன் காரி. அத்திறம் போற்றற்குரியது. ஆனால் பிறர்பொருட்டு எடுத்த வாள், தன்னையொத்த ஈகையாளன் ஒருவனையே வீழ்த்திற்று. எவரோடும் இணங்கிப் பணிபுரியும் ஆற்றல் உடையவர், எதன்பொருட்டு இணங்குகின்றோம் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். கொல்லியில் ஓரியின் சிலையை நோக்கும் தமிழ் மாணவர், அவனை வென்ற காரியையும் நினைத்தல் தகும். சங்கப்புலவர் அவ்விருவரையும் வள்ளல்களின் வரிசையில் ஒருங்கே வைத்துப் போயினர்.