யாழை மீட்ட அடிகளார்

சேது நாட்டுத் திருவாடானை, திருஞானசம்பந்தர் பாடிய பழம்பதிகளுள் ஒன்று. அப்பெருமான் அருளிய பதிகங்களை யாழிலிட்டு வாசித்து உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பதிகங்கள் இன்றும் திருக்கோயில்களில் ஓதப்படுகின்றன. அவற்றோடு இழைந்த யாழோ வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. இசைத்தட்டில் பதிந்த பாட்டு, பாடியவர் மறைந்த பின்னும் நம் செவியில் விழும். யாழுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. எஞ்சியவை பாட்டிலும் உரையிலும் சிதறிக் கிடந்த சொற்களும், சில சிற்பங்களுமே. அவற்றைத் துணைக்கொண்டு அக்கருவியை மீண்டும் காண முயன்றவர் விபுலானந்த அடிகள்.

அடிகள் ஈழநாட்டின் கீழ்கரையில், மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில், 1892ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றி வெளியிட்டதும் அவ்வாண்டிலேயாம். அந்நூலே இவருடைய பெரும்பணிக்கு ஊற்றாயிற்று என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

மயில்வாகனனார் கொழும்பில் அறிவியல் பயின்றார். சேது நாட்டுப் பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் 1916இல் வெற்றி பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் அவருக்குக் கிட்டியது. தமிழறிந்தோர் கணிதத்தை அஞ்சுவதும், கணிதம் வல்லோர் பழந்தமிழை அணுகாமையும் இயல்பு. இவரிடம் இரண்டும் ஒருங்கே அமைந்தன. 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். உலகத்தைத் துறந்தவருக்கு இசைக்கருவியில் பற்று எற்றுக்கு என வினவுவாரும் உளர். தமிழ் வேதத்தின் பண்ணைத் தேடுவதும் வழிபாடே என்பதை அவர் அறியார் போலும்!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை அடிகள் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அவர் உள்ளத்தை ஈர்த்தது. யாழாசிரியனுக்குரிய இலக்கணங்களை இளங்கோவடிகள் அக்காதையுள் செறித்து வைத்துள்ளார். ஆயினும் அப்பகுதி கற்றோர்க்கும் இருள் நிறைந்ததாகவே இருந்தது. அடியார்க்குநல்லார் அரிய உரை கண்டார். அவர் மேற்கோளாகக் காட்டிய இசைநூல்களோ பெரும்பாலும் மறைந்தொழிந்தன. எனவே யாழும் வீணையும் ஒன்றே எனக் கருதினாரும் இருந்தனர்.

இரண்டும் வேறு என்பது கருவியின் அமைப்பைக் காண்பார்க்கு விளங்கும். வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரு தந்தியை வெவ்வேறு மெட்டின்மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் மெட்டு இல்லை. தோல் போர்த்த பத்தரும், அதனின்று வளைந்தெழும் கோடும், இரண்டுக்கும் இடையே கட்டிய நரம்புகளுமே யாழ். ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஓரிசையையே ஒலிக்கும். ஆகவே பேரியாழுக்கு 21 நரம்புகளும், சகோட யாழுக்கு 14 நரம்புகளும் வேண்டியிருந்தன. செங்கோட்டியாழ் 7 நரம்புகளை உடையது.

இங்கேதான் அடிகளின் கணித அறிவு துணைநின்றது. நரம்பின் நீளம் பாதியாயின் அதே குரல் மேல் நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரு பங்காயின் இளி பிறக்கும். இத்தகைய அளவுகளைக் கொண்டு, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையும் நிற்கும் நிலைகளை அவர் கணக்கிட்டார். ஒரு பாலையினின்று மற்றொரு பாலை பிறக்கும் முறையை ஆராய்ந்தார். தேவாரப் பண்களையும் அவ்வழியே நோக்கினார். இமயச் சாரலில் மாயாவதியில் தங்கி ஆங்கிலத் திங்களிதழ் நடத்தியதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்ததும் இடையே நிகழ்ந்தவை. எப்பணியை மேற்கொண்டபோதும் யாழை அவர் மறந்திலர். இவ்வாராய்ச்சி ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீண்டது.

அதற்குள் உடல்நலம் குன்றிற்று. நூல் முற்றுப்பெறுமுன் தம் வாழ்நாள் முற்றுப்பெறுமோ என்னும் நிலை. பெ. ராம. ராம. சிதம்பரம் செட்டியார் என்னும் வள்ளல் வேண்டிய உதவிகளை நல்கினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் யாழ் நூலை அச்சிட்டது.

திருஞானசம்பந்தர் ஓடம் செலுத்திய திருக்கொள்ளம்பூதூரில், 1947 சூன் 5, 6ஆம் நாள்களில் அந்நூல் அரங்கேறியது. அடிகளின் ஆராய்ச்சி வழியே செய்த யாழ்களை இளைஞர் ஏந்தி வர, அறிஞர் சூழ்ந்து வந்தனர். க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். ஏட்டில் மட்டுமே இருந்த நரம்புகள் ஒலித்தன. நோயால் தளர்ந்திருந்த அடிகள் அவ்வொலியைத் தம் செவியாரக் கேட்டார்.

ஆறு வாரங்களே கடந்தன. 1947 சூலை 19ஆம் நாள் அடிகள் கொழும்பில் மறைந்தார். அவருடைய திருமேனியை மட்டக்களப்புக்குக் கொண்டு சென்று, அவர் தோற்றுவித்த சிவானந்த வித்தியாலய வளாகத்தில், ஒரு மரத்தின் நிழலில் அடக்கம் செய்தனர்.