விவிலியம் பெயர்த்த நாவலர்

கிறித்தவ மறையை ஊன்றிக் கற்போர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நீதிமொழிகள் என்னும் ஆகமம் ஞானத்தைப் பெருஞ்செல்வமாகப் போற்றி, அதனைத் தேடுமாறு ஏவுகின்றது. பிரசங்கியோ, அறிவின் மிகுதியோடு கவலையும் வளர்வது கண்டு சலிக்கின்றார். யாக்கோபின் நிருபம் ஞானத்தை இறைவனிடம் இரந்து பெற ஊக்குகின்றது. பவுலடியாரோ உலகத்தாரின் ஞானத்தைப் பேதைமையென ஒதுக்குகின்றார். ஒரே மறை ஞானத்தைத் தேடவும் சொல்லி, இகழவும் செய்யலாமோ?

இம்மறையைத் தமிழாக்கும் பணியிலே தம் இளமையைச் செலவிட்டவர் ஒரு சைவர் என்பது சிந்திக்கத் தக்கது. அவரே யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். 1822 டிசம்பர் 18-ஆம் நாள் கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகவாய்த் தோன்றிய ஆறுமுகம், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பாடசாலைத் தலைவர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்க முற்பட்டபோது, அவர்க்குத் துணையாக அமர்ந்தவர் இவ்விளைஞரே. ஞானம் என்னும் சொல்லை ஓரிடத்திற் புகழுக்கும் மற்றோரிடத்தில் இகழ்ச்சிக்கும் உரியதாக நிறுத்த வேண்டிய பணி அது. தமக்கு உடன்பாடில்லாத நூல் என்பதற்காக அவர் அதனைத் திரித்தாரல்லர். சென்னையில் மழவை மகாலிங்கையர் அம்மொழிபெயர்ப்பைப் பார்த்து ஏற்றனர் என்பர். அது 1850-இல் அச்சேறியது.

பாதிரியாரின் அன்பும் ஊதியமும் ஒருபுறம். பிறந்த சமயத்தின் தளர்ச்சி மறுபுறம். 1847-ஆம் ஆண்டிறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே ஆறுமுகம் சைவப் பிரசங்கம் தொடங்கினார். மறு ஆண்டில் மிஷன் பணியைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு நாவலர் பட்டம் நல்கியது. 1854-இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில், பாதிரிமார் இகழ்ந்த வழிபாட்டு முறைகளுக்கு விவிலியத்திலிருந்தே ஒப்புக் காட்டி விடையிறுத்தார். அந்நூலை ஊன்றிக் கற்றவர்க்கன்றி அது கைகூடுமோ?

இனி, நம் ஐயத்திற்கு வருவோம். நாவலர் போற்றிய சைவசித்தாந்தம் அறிவைப் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூவகைப்படுத்தும். கருவிகளாலும் நூல்களாலும் வருவது முதலது. தன்னையே முதலாக எண்ணும் செருக்குக்கு இடமாவது இரண்டாவது. இறைவன் அருளால் வருவது மூன்றாவது. இவ்வேறுபாடு அறிந்தார்க்குப் பவுலடியாரும் யாக்கோபும் முரண்பட்டாராகத் தோன்றார். ஒருவர் விலக்குவது செருக்கை; மற்றவர் வேண்டுவது அருளை. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

நாவலர் வாழ்விலும் முரண் உண்டெனக் கூறுவாருளர். கிறித்தவ மறையைப் பெயர்த்தவரே கிறித்தவப் பிரசாரத்தை மறுத்தது எவ்வாறு என்பர். உண்மையில், பெயர்க்குங்கால் நூலுக்கு நேர்மையாளராய் நின்றவர், மறுக்குங்காலும் நூலறிந்தே மறுத்தார். 1879 டிசம்பர் 5-ஆம் நாள் இறைவனடி சேருமட்டும் அவர் மணம் புரியாது கல்விக்கும் பதிப்புக்குமே உழைத்தார்.

நோர்வூட் தோட்டப் புறத்துப் பள்ளிகளிலே கோவிற் பிள்ளையும் தேவாலயப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து தமிழ் கற்கின்றனர். அயலான் மறையில் முரணென ஒன்று தோன்றின், நகைப்பதற்கு முன் அதனை முற்றக் கற்கவேண்டும். அதனை அப்பிள்ளைகட்கு உணர்த்த நாவலர் வரலாற்றினும் சிறந்த பாடம் யாது?