கருவை வென்றவர், காழ்ப்பால் மாய்ந்தவர்

பிள்ளையில்லாப் பெண்ணை மலடி என்று ஏசி, மணப்பந்தலிலே ஒதுக்கி நிறுத்திய கொடுமையைக் கொங்குச் சீமையிலே நாம் கண்டதுண்டு. வேண்டுதலும் விரதமும் தீர்க்காத அந்த வேதனையை விஞ்ஞானத்தால் தீர்க்கத் துணிந்தார் ஒருவர். அவர்தான் கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாய்.

1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கல்கத்தாவிலும் எடின்பரோவிலுமாக இரண்டு ஆராய்ச்சிப் பட்டங்கள் பெற்றவர். கருக்குழாய் அடைபட்ட பெண்ணுக்கு மருந்து கொடுத்துச் சினைமுட்டைகளை முதிரச் செய்தார். வெளியே எடுத்துக் கணவனின் விந்தோடு சேர்த்தார். உருவான கருவை உறையவைத்துக் காத்து, பின்னர் கருப்பையிலே வைத்தார். 1978 அக்டோபர் 3-ல் பிறந்தாள் துர்கா! இங்கிலாந்திலே உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து அன்றைக்கு 70 நாள்தான்.

மாலையிட்டதா மாநில அரசு? இல்லை, விசாரணைக் குழு வைத்தது! குழு நம்ப மறுத்தது. ஜப்பான் அழைத்தது, போக அனுமதியில்லை. கருவை ஆய்ந்தவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். உள்ளம் உடைந்தவர், 1981 ஜூன் 19-ல் தன்னுயிரைத் தானே மாய்த்துக் கொண்டார்.

1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவில் முதல் என்றனர். அந்தப் புகழுக்குரிய விஞ்ஞானி ஆனந்தகுமார், முகோபாத்தியாயின் குறிப்புகளை ஆராய்ந்தார். முதலில் சாதித்தவர் அவரே என்று 1997-ல் எழுதினார். தன் தலைக் கிரீடத்தைத் தானே கழற்றி, உரியவருக்குச் சூட்டினார்!

தோழர்களே! ஆதாரம் கேட்பது பகுத்தறிவு. காட்டிய ஆதாரத்தைக் காண மறுப்பது ஆணவம். இன்று கோவையிலும் கருத்தரிப்பு மையங்கள் உண்டு. அங்கே மழலை ஏந்திவரும் தாயைக் காணும்போதெல்லாம், அந்த ஆணவத்துக்குப் பலியான அறிஞனை நினைப்போம்!