கப்பலுக்குப் பின் வந்த கடை

பரளச்சியில் எங்கள் தெருமுனையில் இருந்த மளிகைக் கடை சென்ற மாதம் மூடப்பட்டது. கடைக்காரர் இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். ஆலை மூடப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. கைக்கு வந்த வருங்கால வைப்பு நிதியைக் கடையில் போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற மிடுக்கில், ஓட்டப்பிடாரத்தில் பிறந்த ஒருவர் கப்பலே விட்டார், உங்களால் ஒரு கடை நடத்த முடியாதா என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் 1906-ஆம் ஆண்டைச் சொன்னேன். 1912-ஐச் சொல்லியிருக்க வேண்டும்.

1906-இல் தொடங்கப்பட்ட சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எங்கள் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பாலவநத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். தூத்துக்குடி வணிகர்களின் செல்வாக்கும் சுதேசி உணர்வும் துணை நின்றன. அந்த 25 ரூபாயை லாபக் கணக்குப் பார்த்து மட்டும் எவரும் போடவில்லை.

1908 மார்ச்சில் அவர் கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பர் 24 அன்று வெளியே வந்தபோது அவருக்கு வயது நாற்பது. கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. தந்தை வழியில் கற்ற தொழில் அது ஒன்றுதான். காப்பாற்ற வேண்டிய குடும்பமோ இருந்தது.

அவர் குடியேறியது சென்னையில். சில்லறை வணிகத்தில் இறங்கினார். மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்ததாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எதுவும் நிலைக்கவில்லை. இதை நம் மேடைகள் தியாகத்தின் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடும். அங்கே ஒரு பொருளாதாரப் பாடமும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கப்பல் கம்பெனிக்குப் பங்குதாரர்கள் இருந்தார்கள்; நட்டம் பலர் தலையில் பிரிந்து விழும். கடையின் நட்டம் அன்றிரவே அடுப்படிக்கு வந்துவிடும். தேசபக்திக்காகப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. தேசபக்திக்காக எத்தனை நாள் ஒரே கடையில் மண்ணெண்ணெய் வாங்குவார்கள்? சில்லறைக் கடைக்கு வேண்டிய முதல், பணம் மட்டுமன்று. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்ற உள்ளூர் அறிவும், கொடுத்ததைக் கூச்சமின்றிக் கேட்கும் மனமும் வேண்டும். ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் வாதாடிய மனிதரிடம் இரண்டாவதை எதிர்பார்ப்பது வீண். முதலாவது தூத்துக்குடியில் இருந்தது, சென்னையில் இல்லை.

அந்த நாள்களின் நெருக்கடியைக் காட்ட ஒரு தொகை போதும். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. அதைக் குறித்து இருவருக்கும் இடையே 1915 ஏப்ரலில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1916-இன் தொடக்கம் வரை நீண்டது. தொகை 347 ரூபாய் 12 அணா. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை நிறுவியவர் அதற்காக அத்தனை மாதங்கள் காத்திருந்தார்.

இவற்றுக்கிடையே அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்த்தார், மெய்யறம் எழுதினார், 1917-இல் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். புத்தகமும் ஒரு சரக்குதான். ஆனால், அதுவும் குடும்பத்தைத் தாங்கும் சரக்காக இருக்கவில்லை.

அவரை ஓரளவு மீட்டது கடையன்று, பழைய தொழில்தான். திருநெல்வேலியில் பணியாற்றிய காலத்தில் அவரை அறிந்திருந்த வாலஸ் என்ற ஆங்கிலேயர், பின்னர் நீதிபதியாக இருந்தபோது உரிமம் திரும்பக் கிடைக்க உதவினார். நன்றி மறவாத வ.உ.சி., தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அதன்பின் எங்கள் கரிசல் மண்ணின் கோவில்பட்டியில் வழக்கறிஞராக இருந்துவிட்டு, இறுதியில் தூத்துக்குடிக்கே திரும்பினார். வேலை இழந்தவருக்குப் புதுத் தொழில் கற்பிக்கத் துடிக்கும் நம் திட்டங்கள், அவர் கையிலிருக்கும் பழைய தொழிலுக்குக் கதவு திறக்க இவ்வளவு பாடுபடுவதாகத் தெரியவில்லை.

1936 நவம்பர் 18 அன்று அவர் மறைந்தார். அவர் எழுதிவைத்த உயிலில் ஜவுளிக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் கொடுக்க வேண்டிய பாக்கிகள்கூட இடம்பெற்றிருந்தன.

எங்கள் ஊர்க் கடைக்காரர் இப்போது வெளியூர் ஆலை ஒன்றில் மீண்டும் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். புறப்படும் முன் பற்று நோட்டைக் காட்டினார். மழை பொய்த்த ஆண்டில் ஊர் முழுவதும் கடன் வாங்கியிருந்தது. புரட்டிக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் என் பெயர் இருந்தது: இரண்டு மாதத்துச் சாமான், 2,340 ரூபாய். ஓய்வூதியம் வாங்கும் என்னிடம் அவர் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.