கறிவேப்பிலைக்குள் ஒரு டாக்டர்

இன்று காலை உப்புமாவில் கிடந்த கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தீர்கள்தானே? கூடவே ஒரு டாக்டரின் பெயரையும் சேர்த்து ஒதுக்கிவிட்டீர்கள்! கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முர்ரயா கோனிகை. அதில் வருகிற கோனிகை என்ற சொல், சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வாழ்ந்த ஒருவரைக் குறிக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்குப் பூவரசு மரம் நன்றாகத் தெரியும். இலையைச் சுருட்டி பீப்பீ ஊதியிருப்பீர்கள். அந்த மரத்தடியில் காய்கள் விழுந்து கிடக்கும் இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பளிச்சென்று சிவப்பு நிறத்தில், முதுகில் இரண்டு கறுப்புப் பொட்டுகளோடு பூச்சிகள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருக்கலாம். சில நேரம் இரண்டு பூச்சிகள் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நடக்கும். ஒன்று முன்னால் இழுக்க, மற்றது பின்னாலேயே நடந்து போகும். வேடிக்கையாக இருக்கும். விவசாயிகளுக்கு இது வேடிக்கை இல்லை. பருத்திக் காயில் வாயைக் குத்தி விதையின் சாற்றை உறிஞ்சி, வெள்ளைப் பஞ்சில் கறை படிய வைத்துவிடும். சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி என்பார்கள். இதன் அறிவியல் பெயர் டிஸ்டெர்கஸ் கோனிகை.

பார்த்தீர்களா, இங்கேயும் அதே கோனிகை! ஒரு செடிக்கும் ஒரு பூச்சிக்கும் தன் பெயரைக் கொடுத்த அந்த மனிதர் யார்?

அவர் பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். 1728-ம் ஆண்டு, இன்று லாட்வியா என்று அழைக்கப்படும் நாட்டில் பிறந்தவர். இளம் வயதில் மருந்து தயாரிக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் வேர், பட்டை, இலைதான். ஆகவே மருந்துக்காரருக்குச் செடிகள் தெரிந்திருக்க வேண்டும். செடிகளைப் பற்றி இன்னும் படிக்க ஆசைப்பட்டு, 1757-ம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் உள்ள உப்சாலாவுக்குப் போனார். அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் கார்ல் லின்னேயஸ்!

லின்னேயஸ் என்ன செய்தார் என்று தெரிந்தால்தான் கோனிக்கின் கதை புரியும். அவருக்கு முன்னால் உயிரினங்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரே குழப்பம். ஒரு செடியைக் குறிக்க ஒரு வரி முழுக்க லத்தீனில் எழுதுவார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். நம் ஊரிலேயே பாருங்கள், மண்ணுக்குள் இருந்தால் கறையான். மழைக்காலத்தில் இறக்கையோடு விளக்கைச் சுற்றினால் ஈசல். இரண்டும் ஒரே உயிர்தான்! ஒன்றுக்கு இரண்டு பெயர். அதே சமயம் வண்டு என்ற ஒரே சொல்லில் பொன்வண்டு, சாணவண்டு, நெல்லில் விழும் வண்டு, மரத்தைத் துளைக்கும் வண்டு எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட வண்டு வகைகள் மட்டும் சுமார் 4 லட்சம். எல்லாவற்றையும் வண்டு என்றே சொன்னால், எது பயிரைத் தின்கிறது, எது பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்கிறது என்று எப்படிப் பேசுவது?

லின்னேயஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வோர் உயிருக்கும் இரண்டே சொல்லில் பெயர். முதல் சொல், அது எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்லும். இரண்டாவது சொல், அந்தக் குழுவில் அது எது என்று சொல்லும். செடிகளுக்கு 1753-ம் ஆண்டிலும் விலங்குகளுக்கு 1758-ம் ஆண்டிலும் இப்படிப் பெயர் வைத்துப் புத்தகம் வெளியிட்டார். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஓரிடத்தில் உட்கார்ந்தபடி பார்த்துவிட முடியுமா? அதனால் அவருடைய மாணவர்கள் திசைக்கு ஒருவராகக் கிளம்பினார்கள். சிலர் போன இடத்திலேயே நோயில் இறந்துபோனார்கள். அவ்வளவு ஆபத்தான வேலை அது.

கோனிக் முதலில் போனது குளிர் நடுங்கும் ஐஸ்லாந்துக்கு. 1765-ம் ஆண்டு அங்கே தரையோடு தரையாக, விரல் நுனி அளவே வளரும் ஒரு குட்டிச் செடியைக் கண்டுபிடித்தார். லின்னேயஸ் அதற்கு மாணவரின் பெயரையே வைத்து, கோனிகியா என்று அழைத்தார். (அந்தச் செடி நம் இமயமலையின் உச்சிப் பகுதிகளிலும் முளைக்கிறது என்பது பிறகு தெரிய வந்தது.)

அடுத்த பயணம் சுட்டெரிக்கும் வெயிலை நோக்கி! கோட்டைப்பட்டினத்தில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால், நாகப்பட்டினம், காரைக்கால் எல்லாம் தாண்டி தரங்கம்பாடி வரும். கடலை ஒட்டி டேனிஷ் கோட்டை ஒன்று இன்றும் நிற்கிறது. 1620-ம் ஆண்டில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845-ம் ஆண்டு ஆங்கிலேயர்களிடம் விற்கும்வரை அந்த ஊர் அவர்கள் கையில்தான் இருந்தது. அங்கிருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு ஒரு மருத்துவர் தேவைப்பட்டார். கோனிக் 1767-ம் ஆண்டு கப்பல் ஏறி, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு 1768-ம் ஆண்டு வந்து சேர்ந்தார். வைத்தியம் பார்ப்பது அவருக்குத் தொழில். மனசு முழுக்கச் செடியிலும் பூச்சியிலும்தான்.

செடி என்றால் காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்த வேண்டும். பூச்சி என்றால் கால் உடையாமல், இறக்கை கிழியாமல் காயவைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் இதெல்லாம் லேசான வேலையா? ஒரு மழை பெய்தால் பூஞ்சை பூக்கும். கொஞ்சம் அசந்தால் எறும்பு வந்து பூச்சியின் உடலைத் தின்றுவிட்டு இறக்கையை மட்டும் மிச்சம் வைக்கும். காகிதத்தைக் கறையான் அரிக்கும். இவ்வளவுக்கும் தப்பியதை எல்லாம் மாதக்கணக்கில் கடலில் போகும் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும். கோனிக் விடாமல் அனுப்பினார். அவர் தந்த விவரங்களைக் கொண்டு லின்னேயஸ் 1771-ம் ஆண்டு கறிவேப்பிலைக்குப் பெர்கேரா கோனிகை என்று பெயர் வைத்துப் புத்தகத்தில் ஏற்றினார். நம் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாகத் தாளித்த இலை, உலகப் பட்டியலில் சேர்ந்தது அப்போதுதான்!

பூச்சிகளைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ். இவரும் லின்னேயஸின் மாணவர்தான். வாழ்நாளில் சுமார் 10 ஆயிரம் பூச்சி வகைகளுக்குப் பெயர் வைத்தார் என்றால் நம்ப முடிகிறதா? பூச்சிகளை எப்படிப் பிரிப்பது என்பதில் குருவிடம் இருந்து இவர் கொஞ்சம் மாறுபட்டார். குரு இறக்கையைப் பார்த்துப் பிரித்தார். இவர் வாயைப் பார்த்தார்! கடிக்கும் வாயா, உறிஞ்சும் வாயா என்று கவனித்தார். நம் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு ஊசி போன்ற உறிஞ்சும் வாய். வண்டுகளுக்குக் கடித்து மெல்லும் வாய். 1775-ம் ஆண்டு இவர் வெளியிட்ட பூச்சிப் புத்தகத்தில்தான் அந்தச் சிவப்புப் பூச்சிக்குக் கோனிக்கின் பெயர் கிடைத்தது. கறுப்பு முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகளோடு தரையில் வேகமாக ஓடுமே, ஒரு பெரிய வண்டு, அதுவும் அதே புத்தகத்தில் பெயர் பெற்றது. லத்தீனில் ஆறு பொட்டு என்றே பெயர் வைத்துவிட்டார். அதைக் கையில் பிடிக்காதீர்கள், எரிச்சல் தரும் திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும்.

கோனிக் தானே உட்கார்ந்து விரிவாக எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? கறையானைப் பற்றி! 1779-ம் ஆண்டு ஜெர்மனியில் பெர்லின் நகரத்து இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் இதழில் அது வெளியானது. வெள்ளை எறும்பு என்று ஐரோப்பியர்கள் சொல்லிக்கொண்டிருந்த கறையானின் புற்றைப் பற்றி அதில் எழுதினார். புற்றுக்குள் பஞ்சு போன்ற மெத்தைகளில் வெள்ளை மணிகளாகப் பூஞ்சை வளர்வதை முதன்முதலில் கவனித்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். கறையான்கள் அந்தப் பூஞ்சையை உணவுக்காகத் தோட்டம் போட்டு வளர்க்கின்றன. மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கும் காளான் இருக்கிறதல்லவா, அது இந்தத் தோட்டத்தில் இருந்து வருவதுதான். கறையான் எறும்பு இனமே இல்லை, கரப்பான்பூச்சியின் சொந்தக்காரன் என்பது இன்று நமக்குத் தெரியும்.

மக்கள் ஈசல் பிடிக்கும் விதத்தையும் கோனிக் எழுதி வைத்தார். புற்றில் எதிரெதிராக இரண்டு துளை போடுவார்களாம். காற்று வரும் பக்கத் துளையில் நாற்றம் அடிக்கும் பொருட்களைப் போட்டுப் புகை மூட்டுவார்கள். அடுத்த பக்கத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்தி வைப்பார்கள். புகைக்குப் பயந்து ஈசல் எல்லாம் பானைக்குள் வந்து விழும். சில நேரம் ஈசலோடு நல்லபாம்பும் வந்து விழும் என்பதால் பானையை எடுக்கும்போது ஜாக்கிரதையாக இருப்பார்களாம்! அந்தப் பானையின் உட்புறத்தில் முன்கூட்டியே ஒரு வாசனை இலையைத் தேய்த்து வைப்பார்கள். அது என்ன இலை? அவருடைய பெயரையே தாங்கிய கறிவேப்பிலைதான்! பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து மலிவாக விற்றார்களாம். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. இந்த வித்தை எல்லாம் தெரிந்த அந்த மனிதர்களின் பெயர் எந்தப் பூச்சிக்கும் வைக்கப்படவில்லை.

1773-ம் ஆண்டு கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் கோனிக்குக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் அங்கே, அவர் இங்கே! மிஷன் சம்பளத்தில் ஊர் ஊராகப் போய்த் தேட முடியாது என்பதால் 1774-ம் ஆண்டு ஆற்காடு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கேயும் பணம் போதவில்லை. 1778-ம் ஆண்டு சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்குப் போனார். வியாபாரத்துக்கு உதவும் செடி ஏதாவது கிடைக்குமா என்பதில்தான் கம்பெனிக்கு அக்கறை. கோனிக்குக்கோ உதவாத செடியும் வேண்டும்! அதே ஆண்டு கப்பலில் சயாம் நாட்டுக்கும் மலாக்காவுக்கும் புறப்பட்டார். சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. இஞ்சி, மஞ்சள் குடும்பத்துச் செடிகளையும், மரக்கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடிகளையும் பூவைப் பிரித்துப் பார்த்து நுணுக்கமாக எழுதினார். அவற்றை ஸ்வீடனில் இருந்த ரெட்சியஸ் என்ற அறிஞர் தன் புத்தகத்தில் சேர்த்து அச்சிட்டார்.

தரங்கம்பாடியில் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே உருவாகியிருந்தது. ஜான், ராட்லர் போன்ற பாதிரியார்கள் செடியும் சிப்பியும் மீனும் சேகரித்து, ஒருவருக்கொருவர் காட்டிப் பெயர் வைத்தார்கள். இந்த ராட்லர்தான் பின்னாளில் தமிழ் - ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவர்! செடிக்குப் பெயர் தேடியவர் சொல்லுக்குப் பொருள் தேடியதில் ஆச்சரியம் இல்லை.

கோனிக்குக்கு ஒரு பெரிய குறை இருந்தது. நிறைய எழுதினார், ஆனால் தானே புத்தகமாகப் போட்டது மிகக் குறைவு. குறிப்புகள் கட்டுக்கட்டாகக் குவிந்தன. 1785-ம் ஆண்டு ஆந்திரக் கடற்கரையில் பயணம் செய்தபோது கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது. அருகில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற இளம் மருத்துவர் ஓடி வந்து கவனித்தார். இவரும் செடிப் பைத்தியம்தான். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. ஜூன் 26-ம் தேதி, காக்கிநாடாவை ஒட்டிய ஜெகந்நாதபுரத்தில் கோனிக் இறந்தார். அப்போது அவருக்கு வயது 56.

அவருடைய உழைப்பெல்லாம் கறையானுக்கு இரையாகியிருக்கலாம். நல்லவேளை, கையெழுத்துப் பிரதிகளை லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸ் என்ற அறிஞருக்கு அனுப்ப வேண்டும் என்று இறப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார். அவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. சயாம் பயணக் குறிப்புகள் ஆங்கிலத்தில் அச்சானது 1894-ம் ஆண்டில், அவர் இறந்து 109 ஆண்டுகள் கழித்து! அவர் உலர்த்திய செடிகள் இன்றும் லண்டன், கோபன்ஹேகன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கறிவேப்பிலையின் பெயர் மட்டும் சும்மா இருக்கவில்லை. அது முர்ரயா குழுவைச் சேர்ந்தது என்று ஸ்பிரெங்கல் என்ற அறிஞர் 1825-ம் ஆண்டு மாற்றினார். குழு மாறினாலும் இரண்டாவது சொல்லை விட்டுவிடக் கூடாது என்பது விதி. ஆகவே முர்ரயா கோனிகை ஆனது. அண்மைக் காலத்தில் மரபணுவை ஆராய்ந்தவர்கள், பழைய பெர்கேரா குழுவே சரி என்று மறுபடியும் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குழுவுக்குப் பெர்கேரா என்று முதலில் பெயர் சொன்னவரே கோனிக்தான். இப்போது சில புத்தகங்களில் முர்ரயா, சிலவற்றில் பெர்கேரா என்று இரண்டையும் பார்ப்பீர்கள்.