கைக்குழந்தையுடன் படித்து என்ஜினீயர் ஆன லலிதா

சென்னையில் ஓர் இளம் பெண். வயது 18. கையில் 4 மாதக் குழந்தை. கணவர் இறந்துவிட்டார். இனி அவள் வாழ்வு அவ்வளவுதான் என்று ஊரார் எண்ணினார்கள்.

ஆனால், அந்தப் பெண்தான் இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர் என்று பெயர் பெற்றார்! அவர் பெயர் லலிதா. அய்யலசோமயாஜுல லலிதா என்பது முழுப் பெயர்.

15 வயதில் கல்யாணம்

லலிதா 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் பப்பு சுப்பாராவ். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பாடம் நடத்திய பேராசிரியர்.

1934-ல் லலிதாவுக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது அவருக்கு 15 வயது. கல்யாணம் ஆனாலும் பெண் படிக்க வேண்டும் என்று தகப்பனார் சொல்லிவிட்டார். லலிதா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார்.

1937-ல் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த 4 மாதத்தில் கணவர் காலமானார்.

அந்தக் காலத்தில் விதவை என்றால் பெரும் கொடுமை. பூ இல்லை, பொட்டு இல்லை. நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது. பல குடும்பங்களில் தலையை மொட்டை அடித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

லலிதா மூலையில் உட்காரவில்லை. சொந்தக் காலில் நின்று குழந்தையை வளர்க்க உறுதி பூண்டார். தகப்பனார் துணை நின்றார்.

டாக்டர் படிப்பு வேண்டாம்

லலிதா ராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். இண்டர்மீடியட் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன படிப்பது? டாக்டருக்குப் படிக்கலாம். ஆனால் டாக்டர் என்றால் நடு இரவிலும் நோயாளி கூப்பிடுவார். குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அது தனக்கு ஒத்து வராது என்று லலிதா முடிவு செய்தார். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலைதான் அவருக்குத் தேவை. தகப்பனாரும் சகோதரர்களும் என்ஜினீயர்கள். தானும் என்ஜினீயர் ஆவது என்று தீர்மானித்தார்.

ஆனால், கிண்டிக் கல்லூரியில் அதுவரை பெண்களைச் சேர்த்ததே இல்லை!

சுப்பாராவ் கல்லூரித் தலைவர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். கல்வி இலாகா டைரக்டர் ஸ்டாத்தமிடமும் அனுமதி கேட்டார். இருவரும் சம்மதித்தனர். லலிதா கல்லூரியில் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் பெண். விடுதியில் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வாரக் கடைசியில் போய்க் குழந்தையைப் பார்த்து வருவார்.

பிறகு லீலாம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்ற இரு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்கள் கட்டிடப் பொறியியல் படித்தனர். லலிதா படித்தது மின்சாரப் பொறியியல். மூவரும் 1943-ல் படித்து முடித்தார்கள். திரேசியா பிற்காலத்தில் கேரளாவில் தலைமை என்ஜினீயர் ஆனார்.

பட்டம் கொடுக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. பட்டத் தாளில் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சாகி இருந்தது. பெண் பட்டம் வாங்குவாள் என்று யாரும் நினைக்கவில்லை! அதை அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள்.

சிம்லாவும் கல்கத்தாவும்

பீகாரில் ஜமால்பூர் ரெயில்வே தொழிற்சாலையில் லலிதா ஓராண்டு பயிற்சி பெற்றார். 1944-ல் சிம்லாவில் சர்க்கார் வேலை கிடைத்தது. பிறகு சிறிது காலம் தகப்பனாரின் ஆராய்ச்சிக்கு உதவினார். மின்சாரத்தால் இயங்கும் இசைக்கருவி, புகை இல்லாத அடுப்பு ஆகியவற்றை அவர் தகப்பனார் உருவாக்கினார்.

1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே சகோதரர் குடும்பம் இருந்தது. லலிதா வேலைக்குப் போகும்போது குழந்தையை அவர்கள் பார்த்துக் கொண்டார்கள்.

என்ன வேலை?

திண்டுக்கல்லை அடுத்த நத்தத்தில் ஒரு வீட்டில் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. சட்டை தைக்கும் மிஷின் ஓடுகிறது. அந்த மின்சாரம் எங்கோ தொலைவில் உற்பத்தி ஆகிறது.

வாய்க்காலில் ஓடும் தண்ணீர் வழியில் குறைவது போல, கம்பியில் ஓடும் மின்சாரமும் வழியில் சூடாகி வீணாகும். வோல்ட்டை உயர்த்தி அனுப்பினால் வீணாவது குறையும். அதனால் லட்சம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். ஊர்ப்பக்கம் வந்ததும் சப்-ஸ்டேஷனில் அதைக் குறைக்கிறார்கள். படிப்படியாகக் குறைந்து வீட்டுக்கு 230 வோல்ட்டாக வருகிறது.

இப்படிப்பட்ட மின்பாதைகளுக்கும் சப்-ஸ்டேஷன்களுக்கும் திட்டப் படம் போடுவதுதான் லலிதாவின் வேலை. கணக்கில் தவறு நேர்ந்தால் ஊரே இருண்டுவிடும். உயிருக்கும் ஆபத்து. சட்லெஜ் நதியில் கட்டிய பக்ரா நங்கல் அணையின் மின்சார எந்திர வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கடல் கடந்த பெருமை

லண்டன் மின்சார என்ஜினீயர்கள் சங்கம் 1953-ல் லலிதாவை இணை உறுப்பினராகவும், 1966-ல் முழு உறுப்பினராகவும் ஏற்றது.

1964-ல் நியூயார்க் நகரில் பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதலாவது உலக மாநாடு நடந்தது. 35 நாட்டுப் பெண்கள் கூடினார்கள். வீட்டு வாசலைத் தாண்டவே விதவைகள் தயங்கிய நாட்டில் இருந்து லலிதாவும் போயிருந்தார். புடவை கட்டிக் கொண்டு அவர்களோடு சரிசமமாக அமர்ந்தார். 1967-ல் இங்கிலாந்தில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாக இருந்து ஏற்பாடுகளைச் செய்தார்.

லலிதா மறுமணம் செய்து கொள்ளவில்லை. மகளை நன்றாகப் படிக்க வைத்து ஆளாக்கினார். சுமார் 30 ஆண்டுகள் உழைத்து 1977-ல் ஓய்வு பெற்றார். 1979-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி காலமானார். அப்போது வயது 60.

இன்று கிண்டிக் கல்லூரியில் ஏராளமான பெண்கள் படிக்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் இருந்தும் பெண்கள் என்ஜினீயரிங் படிக்கப் பஸ் ஏறுகிறார்கள். கைக்குழந்தைக்காகப் படிக்கக் கிளம்பிய லலிதாதான் கிண்டியில் அவர்களுக்கு முதலில் வழி திறந்தவர்.